தூங்குமூஞ்சி மரத்தில் நாலு கயிறு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் அவள் ஓணான்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஆளைக் காணோமே என்று டீச்சர் தேடினால், பிள்ளை ஜன்னலுக்கு வெளியே மரக்கிளையில் சாய்ந்துகொண்டு, உள்ளே மற்றவர்கள் கத்தும் வாய்ப்பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "ஓணானே, இறங்கு" என்றார் டீச்சர். பிள்ளை இறங்கிவிட்டது. பெயர் இறங்கவில்லை. இன்று வரை அவள் எதையாவது யோசித்தால் தலை தானாக மேலும் கீழும் ஆடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது.

எட்டாம் வகுப்போடு படிப்பு அவளைக் கைகழுவிவிட்டது. மரம் கைகழுவவில்லை. மரம் கழிக்கும் கம்பெனி ஒன்றில் ஏறுகிற ஆளாகச் சேர்ந்தாள். காய் பறிக்கிற ஏற்றம் இல்லை அது. ஆஸ்பத்திரி ஜன்னலை இடிக்கும் கிளை, கரண்டு கம்பிக்கு ஆசைப்படும் கிளை, அடுத்த வீட்டுக் கார் மேல் எப்போது விழலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பட்ட கிளை, இவற்றையெல்லாம் மேலே போய் அறுத்து, கயிற்றில் கட்டி, கீழே இருப்பவர்களின் மண்டை உடையாமல் இறக்க வேண்டும்.

கீழே இருந்தது அவள் தம்பி. அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பாறை. உடம்பைப் பார்த்து வைத்த பெயர். அக்கா மேலே, தம்பி கீழே, நடுவில் ஒரு கயிறு. சின்ன வயதில் அம்மா இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்துச் சோறு போடுவாள், இல்லாவிட்டால் தட்டு பறக்கும். அப்படிப்பட்டவர்கள் பிழைப்புக்காக ஒரே கயிற்றில் வந்து சேர்ந்தார்கள்.

வேலை இப்படி ஆரம்பிக்கும். மெல்லிய நூல் கட்டிய சிறு மணல் பையை உயரத்தில் கிளை பிரியும் கவட்டைக்கு மேலே எறிந்து அந்தப் பக்கம் விழ வைக்க வேண்டும். நூலை இழுத்தால் பின்னாலேயே கயிறு ஏறிக் கவட்டையைத் தாண்டி இறங்கி வரும். ஒரு முனை ஏறுகிறவளின் இடுப்பு பெல்ட்டில். மறுபக்கத்தை ஒரு சறுக்கு முடிச்சு பிடித்துக்கொள்ளும். அந்த முடிச்சு ஒரு தினுசு. கையால் பதமாகத் தள்ளினால் நழுவும், கனம் விழுந்தால் இறுகிவிடும். வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல. தன்மையாகச் சொன்னால் நகர்ந்து கொடுப்பார். அழுத்திச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஒற்றைக் கயிற்றில் ஓணான் போகாத கிளை இல்லை. மற்ற கம்பெனிக்காரர்கள் அவள் வேலை செய்யும் தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள். பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பார்ப்பார்கள்.

அப்போதுதான் எங்கோ ஒரு கம்பெனியில் ஒருவர் கிளையோடு சேர்த்துத் தன் கயிற்றையும் அறுத்துவிட்டார். ஆள் காலில் கட்டோடு பிழைத்துக்கொண்டார். காப்பீட்டுக்காரர்களுக்குத்தான் தூக்கம் போனது. இனிமேல் மேலே போகிற எவரும் இரண்டு கயிற்றில்தான் தொங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டும் வேறு வேறு கவட்டையில். ஒன்றை இடம் மாற்ற வேண்டுமா, மற்றது கனத்தைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது தாங்குகிறதா என்று பார்க்காமல் இதை அவிழ்க்கக் கூடாது. இதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்கப் பரிசோதகர் ஒருவர் வருவார். தேறாதவர்கள் கீழே, மெஷினில்.

மெஷின் என்றால் கிளை அரைக்கும் மெஷின். ஒரு பக்கம் கிளையை ஊட்டினால் மறுபக்கம் தூளாகத் துப்பும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதற்கு ஊட்ட வேண்டும். மணிக்கட்டு சுளுக்கியிருந்தபோது ஓணான் ஒரு வாரம் அதில் நின்றிருக்கிறாள். தலையில், காதில், சொல்ல முடியாத இடங்களில் எல்லாம் மரத்தூள். அதைவிட மோசம், நின்ற இடத்திலிருந்து இன்னொருத்தர் ஏறுவதை அண்ணாந்து பார்த்தது. தலை ஆடி ஆடிக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"எனக்கு எதுக்குடா ரெண்டு?" என்றாள் தம்பியிடம். "ஒண்ணுலயே நான் ஒழுங்காத்தானே இருக்கேன்."

"ஒண்ணு போதும்னுதான் உன் வீட்டுக்கார மாமாவும் கல்யாணத்தப்ப சொன்னாரு. உன்கூட எனக்கும் சேர்த்து வடிக்க வேண்டியதாப் போச்சு."

பயிற்சி ஆரம்பித்தது. சிவப்பு, அவளுடைய பழைய கயிறு. நீலம், புதிது. முதல் நாள் சிவப்பைத் தளர்த்துவதற்குப் பதில் நீலத்தைத் தளர்த்தி, பக்கவாட்டில் வீசப்பட்டு, அடிமரத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் இரண்டும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டன. அதற்கு அடுத்த நாளும். மேலே ஏற ஏறக் கயிறுகள் தலைக்கு மேல் முறுக்கிக்கொண்டே வந்தன, எந்தப் பக்கம் இழுத்தாலும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

"ஒத்தக் கயித்துல அக்கா குரங்கு மாதிரி போவா" என்று பாறை முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ரெண்டு கயித்துல, கொடியில காயப்போட்ட பேன்ட் மாதிரி இருக்கா."

அது அவள் காதில் விழுந்தது. அன்று சாப்பாட்டில் அவன் பங்குக்கு வரவேண்டிய முட்டை வரவில்லை.

அவள் கணவர் தையல்காரர். அவர்கள் சந்தித்த கதையே ஒரு கதை. அவர் கடைத் தகரக் கூரையில் ஒரு கிளை உரசி, பேய் பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க வந்தவர், மேலே இருந்தவளிடம் கேட்காமல் அடிமரத்திடம் கேட்டார். "நாளைக்கு முடியுமாங்க?" என்று மரப்பட்டையைப் பார்த்து அவ்வளவு மரியாதை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று ஓணானுக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது, கூச்சமும் இல்லை ஒன்றும் இல்லை. உயரத்தில் யாராவது நிற்பதைப் பார்த்தால் அவருக்கு முழங்கால் இரண்டும் கழன்றுவிடும். மதியச் சாப்பாட்டை அவர்தான் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவார். மரம் கண்ணில் பட்டதும் திரும்பிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வந்து சேர்வார். வழியில் எத்தனையோ சைக்கிள்காரர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

சோதனைக்கு முந்தின சாயங்காலம் அவர் கடையில் பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தலை ஆடிக்கொண்டிருந்தது. அவர் தையலை நிறுத்தாமலே சொன்னார்.

"ரெண்டு இருக்கறது நல்லதுதானே. இதோ, மேல் நூல் ஒண்ணு, கீழ் நூல் ஒண்ணு. ஒரே நூல்ல தைச்சா இழுத்தவுடனே பிரிஞ்சு வந்துரும்."

"உங்க மெஷின் மரம் ஏறுதா?"

"இல்ல."

"அப்ப அதை ஏன் பேச்சுல இழுக்கறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அப்புறம், துணியைப் பார்த்துக்கொண்டே, "நீ அந்தக் கிளை அரைக்கற மெஷினுக்குப் போயிட்டா நான் முன்பக்கமாவே நடந்து வருவேன். அவ்வளவுதான் எனக்கு லாபம்" என்றார். "ஆனா நீ சிரிக்க மாட்டே. அதனால அந்த லாபம் எனக்கு வேணாம். நாளைக்கு ஒழுங்கா ஏறு."

அவள் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். காலையில் அவர் பார்த்தபோது நீலப் பொத்தான்களின் நடுவே ஒரு சிவப்புப் பொத்தான் கிடந்தது. இவள் கை அங்கேயும் சிக்கலைத்தான் போட்டிருக்கிறது என்று சிரித்துக்கொண்டார்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் சோதனை. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், குடையை விரித்தாற்போல. பரிசோதகர் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவர். மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார், ஹெல்மெட்டைத் துடைத்துவிட்டுத்தான் தலையில் வைத்தார். ஷூ லேஸ்கூட இரட்டை முடிச்சு.

"மேடம், நான் கீழ நின்னு பார்க்கிற ஆள் இல்ல" என்றார். "நானும் பக்கத்துலயே ஏறி வருவேன். உங்க முடிச்சை நெருக்கத்துல பார்க்கணும்."

"வாங்க சார். மரம் பெருசுதான்."

அவருடைய கயிறுகள் மஞ்சளும் கறுப்பும். அவற்றை மரத்தின் மறுபுறத்தில் போட்டுக்கொண்டார். ஏறிய அழகைப் பார்த்து ஓணானுக்கே ஒரு பொறாமை வந்தது. எந்த அவசரமும் இல்லை. மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு என்று மாடிப்படி ஏறுவது போலப் போனார்.

அவளும் முதலில் நன்றாகத்தான் போனாள். கிளை நுனி வரை நடந்து, அவர் காட்டிய பட்ட குச்சியை அறுத்துவிட்டு, இரண்டு கயிற்றிலும் சமமாகச் சாய்ந்து திரும்பி வந்தாள். கீழே பாறை மூச்சு விட்டது மேலே வரை கேட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இரண்டு கயிற்றையும் ஒவ்வொன்றாக இன்னும் உயரத்துக் கவட்டைகளுக்கு மாற்ற வேண்டும்.

சிவப்பை மாற்ற அடிமரத்தைச் சுற்றி நகர்ந்தாள். மாற்றினாள். சாய்ந்து பார்த்தாள், தாங்கியது. நீலத்துக்காக இன்னொரு சுற்று. அந்த நேரத்தில் பரிசோதகர், சறுக்கு முடிச்சைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று தன் கிளையிலிருந்து இறங்கி, அவள் கயிறுகளுக்குக் கீழே நுழைந்து, இந்தப் பக்கம் வந்து நின்றார். அவள் நீலத்தை இழுத்தாள். மஞ்சள் சேர்ந்து வந்தது. மஞ்சளோடு பரிசோதகரின் இடுப்பும் ஒரு முழம் நகர்ந்தது.

"மேடம்" என்றார் அவர், மிகவும் அடக்கமான குரலில். "அசையாதீங்க."

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு. நாலும் சேர்ந்து ஒரே பின்னலாக, மணிக்கட்டுத் தடிமனில், இலைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

"ரிப்பன் கட்டினா முடிஞ்சுது" என்றான் பாறை கீழேயிருந்து.

சிரிக்கிற விஷயம் இல்லை அது. கயிற்றின் மேல் கயிறு கனத்தோடு உரசினால் சூடாகி அறுக்கும். இரண்டு பேரில் யாராவது சும்மா இறங்கினால்கூட மற்றவர் கயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆளுக்கொரு சின்ன இடுப்புக் கயிறு இருந்தது. அதைக் கையெட்டும் கிளையில் சுற்றிக் கட்டிக்கொண்டு இருந்த இடத்தில் நின்றார்கள். விழ மாட்டார்கள். இறங்கவும் மாட்டார்கள்.

"தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா?" என்று பாறை கேட்டான். "ஏணி வச்சிருப்பாங்க."

பரிசோதகரின் முகம் வெளுத்தது. தீயணைப்பு வண்டி வந்து இறக்கிவிட்ட பரிசோதகர் என்று அவர் ஆபீசில் எத்தனை வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. ஓணான் வேறு கணக்கைப் போட்டாள். வண்டி வந்தால் சோதனை அதோடு சரி. அப்புறம் ஆயுசுக்கும் மெஷின்.

"வேணாம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவள் தலை ஆட ஆரம்பித்தது. பரிசோதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சார், இப்ப பேசாதீங்க" என்று கீழேயிருந்து பாறை எச்சரித்தான். "அது ஆடி முடியட்டும்."

ஆடி முடிந்தது. "சார், கடைசியா எது வந்துச்சோ அதை முதல்ல எடுக்கணும். அப்படியே ஒவ்வொண்ணா. ஆனா எது கடைசின்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார் அவர். "நான் உங்க கயித்துக்கு அடியில வந்திருக்கவே கூடாது. பாதித் தப்பு என்னோடது."

"பாதின்னா எனக்கும் சரிதான்."

பின்னலின் அடிப்பக்கம் கீழே இருப்பவனுக்குத்தான் தெரியும். பாறை புல்லில் மல்லாந்து படுத்தான். அவன் படுத்தால் எழுப்புவது கஷ்டம், ஆனால் அன்று படுத்ததுதான் உபகாரம். வயிற்றின் மேல் கையைக் கோர்த்துக்கொண்டு படித்துச் சொன்னான்.

"நீலம்தான் எல்லாத்துக்கும் வெளிய இருக்கு. அதுக்கு உள்ள மஞ்சள். நீலத்தை எடு."

நீலத்தை எடுக்க வேண்டுமானால் உடம்பு சிவப்பில் இருக்க வேண்டும். அவள் சிவப்பில் முழுக்கச் சாய்ந்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். தாங்கியது. "சரி" என்றார் பரிசோதகர், பழக்க தோஷத்தில். அப்புறம் நீலத்தை அவிழ்த்து, பின்னலிலிருந்து உருவி, மணல் பையோடு சுத்தமான பக்கத்துக் கவட்டையில் எறிந்து, புதிதாகப் போட்டு, அதில் சாய்ந்து பார்த்தாள். "சரி" என்றார் மறுபடி. இனி மஞ்சள். அது அவருடையது. அவர் கறுப்பில் சாய்ந்துகொண்டார், அவள் கையெட்டி மஞ்சளை உருவிக் கொடுத்தாள். இப்போது அவள் "சரி" என்றாள்.

பூங்காவைச் சுற்றி ஆள் சேர ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். டிப்போவின் கண்டக்டர்கள் டீ கிளாஸோடு வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு முதுகு, கையில் டிபன் கேரியரோடு, பின்பக்கமாகவே வந்து பாறையின் காலில் இடித்து நின்றது.

"மாப்ள, எங்க இருக்கா?"

"மேலதான் மாமா. ஒரு சார்கூடப் பின்னிக்கிட்டு இருக்கா."

தையல்காரர் திரும்பிவிட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்துவிட்டார். முழங்கால் கழன்றதும் புல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு கயிறு இருக்கா அவளுக்கு?"

"நாலு இருக்கு மாமா."

"நல்லது" என்று கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆனதும் தொழில் புத்தி தலைதூக்கியது. எத்தனை நூல்கண்டுச் சிக்கலை எடுத்திருக்கிறார் அவர். "இந்தாம்மா" என்று குரல் கொடுத்தார். "அந்தக் கறுப்பை உருவு. எல்லாம் தானா பிரிஞ்சுரும்."

"அண்ணே" என்றார் பரிசோதகர் மேலேயிருந்து. "கறுப்புலதான் நான் தொங்கிக்கிட்டு இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. தையல்காரரும் சிரித்தார். மேலே ஓணான் கீழே குனிந்து பார்த்தாள். அவள் முதலில் பார்த்தது அவர் முகத்தை, மரத்தின் மேலிருந்து முதல் தடவையாக. வழக்கமாக அவளுக்குத் தெரிவது ஒரு சொட்டையும் முதுகும்தான்.

"நீங்க என்ன அங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் அதட்டலாக. "சோறு ஆறிடப் போவுது." அதட்டல் பாதியிலேயே உடைந்து வேறு ஏதோ ஆகிவிட்டது. கயிற்றின் மேல் குனிந்துகொண்டாள்.

மஞ்சள் புது இடத்தில் நின்றதும் கறுப்பு. அப்புறம் சிவப்பு. ஒவ்வொரு முறையும் ஒருவர் சாய, ஒருவர் உருவ, ஒருவர் "சரி" சொல்ல. நடுவில் எங்கோ "மேடம்" போய் "அக்கா" வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் எப்பவும் இடது பக்கமாவே மரத்தைச் சுத்துறீங்க?"

அவள் கை நின்றது. "நானா?"

"ஏறினதுலேர்ந்து பார்க்கறேன். போறப்பவும் இடது. திரும்பறப்பவும் வந்த வழியா வராம இடது. அதான் முறுக்கிக்குது. ஒத்தக் கயித்துல அது தெரியாது. ரெண்டுல ஒவ்வொரு சுத்தும் ஒரு முறுக்கு."

"சார், வீட்லயும் அப்படித்தான்" என்று பாறை படுத்தபடியே சாட்சி சொன்னான். "கடைக்குப் போனாகூட இடது பக்கமா சுத்தித்தான் திரும்புவா. சின்ன வயசுல ஓடிப் பிடிச்சு விளையாடினா நான் இடது பக்கமா போய் நிப்பேன், வந்து மாட்டிக்குவா."

"அதான் எப்பவும் நீயே ஜெயிச்சியாடா?"

"இப்பதான் சொல்றேன்."

ஓணான் தன் வலது தொடையைப் பார்த்தாள். கை ரம்பத்தின் உறை அங்கேதான் கட்டியிருந்தது. வலது பக்கமாகச் சுற்றினால் அது மரத்தில் இடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை இடித்து நல்ல காயம். அன்றிலிருந்து உடம்பு இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. புத்தியைக் கேட்கவே இல்லை.

கடைசி முறுக்கும் பிரிந்து, ஆளுக்கு இரண்டு கயிறாக, மரத்தின் இரு புறமும் இறங்கியபோது கண்டக்டர்கள் கை தட்டினார்கள். பாறையை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"ஒத்தக் கயிறா இருந்திருந்தா அந்தச் சிக்கல்ல மாட்டி, கழட்டவும் முடியாம நின்னிருப்போம்" என்றாள் ஓணான், தண்ணீர் குடித்துக்கொண்டே.

"ஒத்தக் கயிறா இருந்திருந்தா சிக்கியே இருக்காது அக்கா" என்றான் பாறை.

இரண்டும் சரியாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்த பரிசோதகர் எந்தப் பக்கமும் சேரவில்லை.

"அக்கா, இதை நான் பாஸ்னு போட முடியாது" என்றார் அவர். "ஃபெயில்னு போடவும் எனக்கு மனசு வராது, பாதி என்னோடது. சாப்பிட்டுட்டு மறுபடி ஏறுங்க. இந்தத் தடவை நான் கீழயே இருக்கேன். அதோ பாருங்க, டிப்போ கொட்டகைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கற கிளை. நுனியில பட்டுப்போன ஒரு கொப்பு தொங்குது. அதை எடுத்துட்டு வரணும். அது முடியலைன்னா எனக்கும் வேற வழி இல்ல. பேரைக் கீழ்வேலைப் பக்கம் எழுதிருவேன்."

அவள் அந்தக் கிளையை நன்றாக அறிவாள். ஒற்றைக் கயிற்றில் அதில் பாதி தூரம் போவாள். அதற்கு மேல் கிளை மெலிந்து, கால் வைத்தால் குனியும். கயிறு அடிமரத்திலிருந்து பக்கவாட்டில் இழுக்கும். தவறினால் ஊஞ்சல் போல வீசி மரத்தில் அறையும். முதலாளியிடம், அது எடுக்க முடியாத கொப்பு, விட்டுவிடுங்கள் என்று அவளே சொன்னதுதான்.

ஐந்து பேருமாகப் புல்லில் உட்கார, இரண்டு பேர் சாப்பாட்டை நாலு பேர் சாப்பிட்டார்கள். ஐந்தாவது ஆள் ஒரு கண்டக்டர். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. தையல்காரர் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. மதியம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, வயிறு காலியாக இருந்தால்தான் நல்லது என்றார்.

ஓணான் ரம்ப உறையை அவிழ்த்து இடது தொடையில் மாற்றிக் கட்டினாள். மணல் பையை எடுத்துக்கொண்டாள். சிவப்பைத் தூங்குமூஞ்சியின் உச்சிக் கவட்டையில் போட்டாள். நீலத்தைப் பக்கத்தில் நின்ற இன்னொரு மரத்தின் உச்சியில் போட்டாள், கொட்டகைக்கு அந்தப் பக்கம். பாறை புருவத்தைத் தூக்கினான். பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஏறினாள். கிளையின் பாதி வரை நடந்தாள். வழக்கமாக நிற்கும் இடம். இங்கேதான் கால் "போதும்" என்று சொல்லும். சிவப்பைக் கொஞ்சம் தளர்த்தினாள், நீலத்தைக் கொஞ்சம் இழுத்தாள். இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கால் கிளையிலிருந்து எழும்பியது. பின்பக்கம் ஒரு கயிறு, முன்பக்கம் ஒரு கயிறு, இரண்டும் தாங்க அவள் காற்றில் நின்றாள். மெலிந்த கிளை குனியவில்லை, அதற்கு அவள் வந்ததே தெரியாது. வீசவும் இல்லை. இந்தப் பக்கம் வீச நீலம் விடவில்லை, அந்தப் பக்கம் வீச சிவப்பு விடவில்லை. ஒரு சாண் தளர்த்தினால் ஒரு சாண் முன்னே. சமையலறையில் டப்பாவை எட்டி எடுப்பது போல, அத்தனை நாளும் எட்டாத நுனிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அடேய்" என்றாள் மெதுவாக. யாரிடம் என்று தெரியவில்லை.

கொப்பைக் கயிற்றில் கட்டி, அறுத்து, இறக்கினாள். பாறை வாங்கிக்கொண்டான். திரும்பி வந்தாள், நீலத்தைத் தளர்த்தி, சிவப்பை இழுத்து. அடிமரத்துக்கு வந்ததும் நீலத்தை இந்த மரத்துக்கு மாற்ற ஒரு அரைச் சுற்று சுற்ற வேண்டும். சிவப்பில் சாய்ந்தாள். தாங்கியது. நீலத்தை அவிழ்த்தாள். கால் எழுந்தது. இடது பக்கம்.

கீழே பாறை கண்ணை மூடிக்கொண்டான். தையல்காரர் மூடவில்லை. பரிசோதகரின் வாய் திறந்தது, சொல்லக் கூடாது என்று மூடிக்கொண்டது.

தூக்கிய கால் காற்றிலேயே நின்றது. இலைகளுக்குள் ஒரு ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது. கால் திரும்பி வந்தது. பழக்கமில்லாத ஆள் மாதிரித் தடவித் தடவி, வலது பக்கமாகப் போனாள். நீலத்தை இந்த மரத்துக் கவட்டையில் போட்டாள், சாய்ந்து பார்த்தாள். இரண்டு கயிறும் இரண்டு கோடாக, ஒன்றை ஒன்று தொடாமல் தொங்கின.

"சரி" என்றார் பரிசோதகர். அப்புறம் சத்தமாக, "முடிஞ்சுதுக்கா. பாஸ். இறங்கி வாங்க."

கண்டக்டர்கள் மறுபடி கை தட்டினார்கள். பாறை எல்லோரிடமும் "எங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான், கேட்காதவர்களிடமும். தையல்காரர் காலி கேரியரை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தார்.

மேலே இருந்து சத்தமே இல்லை.

"அக்கா, காதுல விழுந்துச்சா? பாஸ். வேலை முடிஞ்சுது."

"விழுந்துச்சு சார்" என்றது மரம். மணல் பை ஒன்று இலைகளைக் கிழித்துக்கொண்டு மறுபடி பக்கத்து மரத்தை நோக்கிப் பறந்தது. "நீங்க கிளம்புங்க. அந்தப் பக்கம் இன்னொரு கிளை இருக்கு, அங்கேயும் நான் போனதே இல்ல. பார்த்துட்டு வந்துடறேன்."